மூன்றாம் தண்ணீர்

ராசாத்தாள் எந்த வேலையையும் பாதியில் விடமாட்டாள் என்பது புங்கவலசில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனால் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊற்றுவாள். கடலைக்காய் பறிக்க ஆள் விட்டிருந்தாலும், அவர்கள் போன பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டை இன்னொரு முறை கிளறிப் பார்ப்பாள். வரப்பில் உட்கார்ந்தபடி அவள் புருஷன் சென்னியப்பன் கேலி செய்வான்.

"நீ வாரதப் பாத்தாலே கடலக்காய் பயந்துக்கிட்டுத் தானா மேல வந்துருமாட்ட இருக்குது."

"நீங்களும் பயந்துக்கிட்டு எந்திரிச்சு வந்தீங்கன்னா சோலி வெரசா முடிஞ்சு போயிருமுங்க" என்பாள் அவள், நிமிராமலே.

சென்னிமலைக்குத் தெற்கே, மலைமேல் கோபுரம் தெரிகிற தூரத்தில் அவர்கள் காடு. கிணற்றில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் மஞ்சளும் வெங்காயமும், வற்றினால் கடலையும் சோளமும். மூத்தது பையன். இரண்டாவது லோகப்பிரியா. வீட்டில் லோகு.

லோகு நான்காம் வகுப்புப் படித்த வருஷம், சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கொண்டுபோன தூக்குப்போசியை வாசலிலேயே கீழே போட்டாள். தடுக்கி விழவில்லை. நின்ற இடத்திலேயே கை வெட்டி இழுத்தது, போசி நழுவியது. ராசாத்தாள் பாலைப் பார்த்தாளே தவிரப் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள். லோகு அழக்கூட இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற கை பாதியில் உதறியது. எழுத்து கோணிக்கொண்டு கோட்டை விட்டு இறங்கியது. பிள்ளை வகுப்பில் கனவு காண்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பிறகு நடக்கும்போது தலை தொங்கி, நொடியில் மீண்டு, அடுத்த அடி வைத்தாள். ஈரோட்டில் ஒரு டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, உதறலை நிறுத்தவில்லை. பங்குனி முடிவதற்குள் லோகுவுக்கு வாய்ப்பாடு மறந்தது, பிறகு அண்ணன் பெயர் மறந்தது. சென்னியப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினான்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் மூளை நரம்பு டாக்டர் குட்டையானவர், குரல் மட்டும் பெரியது. வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் திட்டுவது கேட்கும். யாரோ ஒரு தாய் குளுக்கோஸ் ஏறுகிற கையில் மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டாள் என்று அன்று பெரிய ரகளை. "ஊசி எங்க ஏறுது, கயிறு எங்க கட்டறீங்க? வைத்தியம் பாக்கறது நானா, உங்க பூசாரியா?" கயிற்றை அவரே கத்தரிக்கோலால் வெட்டி அந்தத் தாயின் கையில் கொடுத்தார். ராசாத்தாள் லோகுவின் நெற்றியிலிருந்த திருநீற்றை முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.

அவர் லோகுவை நெடுநேரம் பார்த்தார். உதறல் வருகிறபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒரே சீராக, அளந்து வைத்தாற்போல வந்துகொண்டிருந்தது.

"சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"வந்துச்சுங்க. மணல்வாரி. கைக்கொழந்தைல." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு தழும்பு இல்லீங்க. நெம்ப நல்லபடியா எறங்குச்சு. வேப்பந்தழைலயேதான் படுக்க வெச்சிருந்தனுங்க."

"ஒம்பதாம் மாசம் ஒரு ஊசி போடுவாங்களே, நர்சம்மா வீட்டுக்கு வந்து?"

"வந்தாங்க. ஐஸ் பொட்டியத் தூக்கிக்கிட்டு வெயில்ல வந்தாங்க, பாவம். அப்பத்தான் மூத்தவனுக்கு ஆத்தா வந்து உக்காந்திருந்தா. ஆத்தா இருக்கற ஊட்டுல ஊசி குத்தலாங்களா? மோர் குடுத்து அனுப்பிச்சுட்டனுங்க. அவன் தேறி எந்திரிச்சான், இவளுக்கு வந்துச்சு."

டாக்டரின் பேனா நின்றது. திட்டு விழும் என்று ராசாத்தாள் காத்திருந்தாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி வரதுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்குதும்மா. சிலதுக்கு மருந்து இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் இல்ல. முதுகுத் தண்டுலருந்து நீர் எடுத்து லேப்ல பாத்தாத்தான் எதுன்னு தெரியும்."

மற்றது எதுவும் புரியாவிட்டாலும் இது அவளுக்குப் புரிந்தது. ஒரு சின்னக் குப்பி நீரில் பிள்ளையின் உயிர் இருக்கிறது. அது நல்லபடியாகச் சொன்னால் மருந்து உண்டு.

லேப் கீழ்த்தளத்தில், நடையின் கோடியில் இருந்தது. நடைப் பக்கம் ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு பெஞ்ச். லேப் டெக்னீஷியன் ஜெபராணி வெள்ளைக் கோட்டோடு தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொள்கிற, வேகமாகப் பேசுகிற பெண்பிள்ளை. லோகுவின் குப்பி உள்ளே போன மறுநாளே ராசாத்தாள் ஜன்னலில் நின்றாள்.

"ஏனுங்கம்மணி, பாத்துப்போட்டீங்களா?"

"அதெப்படிங்கம்மா ஒருத்தரோடத மட்டும் பாக்கறது? அம்மைக்கான எதிர்ப்புச் சத்து உடம்புல எவ்வளவு இருக்குதுன்னு பாக்கற டெஸ்ட் இது. ஒரு தட்டு நெறையக் குழி இருக்கும். பாக்கெட்டப் பிரிச்சா முழுசும் போட்டாகணும், இல்லாட்டி மருந்து கெட்டுப்போயிரும். இன்னும் கொஞ்சப் பேரோடது சேரட்டும். உங்க பாப்பாவோடது ஐஸ்ல பத்திரமா இருக்குது."

ராசாத்தாள் அதை யோசித்துப் பார்த்தாள். "அப்பொ இன்னுங் கொஞ்சம் கொழந்தைகளுக்கு இப்பிடி வந்தாத்தானுங்களா?"

ஜெபராணி ஐஸ் பெட்டியின் கதவைச் சாத்தினாள். "போய்ப் பாப்பாவப் பாருங்கம்மா" என்றாள்.

வார்டுக்குத் திரும்பி வந்தவள், வாசற்கதவு திறக்கிற போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கிற ஒரு பழக்கம் தனக்கு வந்துவிட்டதைக் கவனித்தாள். ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்ப்பாள். உள்ளே வருவது காலொடிந்த கேஸ் என்றால் ஏமாற்றமாக இருக்கும். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிள்ளையின் காலை அமுக்கத் தொடங்கினாள். மனசு போகிற போக்கை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி வேலை ஒன்றுதான்.

அப்படி ஒரு நாள் கதவு திறந்து வந்தவள்தான் உக்கடத்துச் சாஜிதா பேகம். அவள் மகன் பீர் முகம்மது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். பக்கத்துக் கட்டில். அவனுக்கும் போன வருஷம் அம்மை போட்டிருந்ததாம். டாக்டர் அவனுக்கும் முதுகில் நீர் எடுக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் பையன் முனகியபோது சாஜிதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராசாத்தாளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். உடனே கீழே ஓடிப்போய்க் காப்பி வாங்கி வந்து, சூடு ஆற்றி, சாஜிதாவின் கையில் வைத்தாள். ஒரு வாய் மிச்சமில்லாமல் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"இப்பிடிக் கவனிச்சா நான் ஊட்டுக்கே போகமாட்டேன்க்கா" என்றாள் சாஜிதா. "எம் மாமியா கையால பத்து வருசமா ஒரு டம்ளர் காப்பி கண்டதில்ல."

"இங்கெயே இருந்துக்க கண்ணு. டாக்டரு திட்டற திட்டுல மாமியாளே தேவலைன்னு போயிருவ."

சாஜிதா சிரித்தாள். சிரித்த வாக்கில் அழுதாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே பாயைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஐஸில் வைத்துச் சில குப்பிகள் வந்தன. தட்டு நிறைந்தது. ஜெபராணி, "இன்னைக்குப் போடறேன்" என்று சொன்ன அன்று ராசாத்தாள் விரதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே ஜெபராணி ஊற்றுவதும் கழுவுவதும் மறுபடி ஊற்றுவதுமாக இருந்தாள். தன் வீட்டில் அரிசி ஊறவைத்துக் களைவதைப்போல அவள் தட்டைத் திரும்பத் திரும்ப அலசுவது ராசாத்தாளுக்குப் பிடித்திருந்தது. அரைகுறையாகச் செய்கிற கை இல்லை. மத்தியானத்துக்கு மேல் கரண்ட் போனது.

"போச்சுடா! மிஷின்ல வெச்சா நம்பர் வரும். இந்த நேரம் பாத்துப் புடுங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஜெபராணி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரம் வந்தாள். ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் அதை வைத்தாள்.

ராசாத்தாள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டுப் போல இருந்தது. கடலைப் பருப்பு அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், வரிசை வரிசையாக. பல குழிகள் வெறும் தண்ணீராகத் தெரிந்தன. சிலது மஞ்சள்.

"எதுங்க எம் புள்ளையோடது?"

ஜெபராணி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனா முனையால் காட்டினாள். "இந்த வரிசை."

வரிசை முழுக்க மஞ்சள். ஓரத்தில் தொடங்கி அந்தக் கடைசிக் குழி வரைக்கும் பளிச்சென்று, கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீர் மாதிரி.

"பீர் முகம்மதோடதுங்க?"

"கீழ. அது தெளிஞ்சு இருக்குது பாருங்க, அது."

ராசாத்தாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ஆத்தாளே வந்து அந்தக் குழிகளில் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கல்யாணத்துக்கும் மஞ்சள், சீருக்கும் மஞ்சள், நோய் இறங்கினால் தலைக்கு ஊற்றுவதும் மஞ்சள். அப்போதுதான் ஜெபராணி தலையை நிமிர்த்தி, கும்பிட்டு நிற்கிறவளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நான் எதுவும் சொல்லக்கூடாதுங்கம்மா. டாக்டர்தான் சொல்வாரு. நான் காட்டியிருக்கவே கூடாது." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராசாத்தாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வார்டுக்கு வந்ததும் லோகுவின் தலையை வாரி, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டாள். உதறல் வருகிறபோது பின்னலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, நின்றதும் விட்ட இடத்திலிருந்து பின்னினாள். சென்னியப்பன் வந்ததும், "நல்ல சேதிங்க" என்றாள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தான்.

சாஜிதாதான் தாங்கமாட்டாமல் கேட்டாள். "எம் பையனோடதும் பாத்தீங்களாக்கா? எப்பிடி இருந்துச்சு?"

ராசாத்தாள் அவள் தோளைத் தொட்டாள். "அழுகாத கண்ணு. அவனுக்கு வெறுந் தண்ணியாட்டத்தான் இருந்துச்சு. உஞ் சாமியும் கண்ணத் தொறக்கும். நானும் மலைக்கு வேண்டிக்கறேன்." சாஜிதா மகன்மேல் கவிழ்ந்து அழத் தொடங்கினாள். ராசாத்தாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் நல்லகாலத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லி ராசாத்தாள் பார்த்ததில்லை.

"அந்த மணல்வாரி வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல. மேல தழும்பு இல்லாம எறங்கிருச்சு. ஆனா அந்தக் கிருமி உடம்ப விட்டுப் போகல. மூளைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. இத்தன வருசமா சத்தமில்லாம இருந்துட்டு இப்ப வேலையக் காட்டுது. அதோட உடம்பு போடற சண்டைதான் அந்த டெஸ்ட்ல தெரியறது. முதுகு நீர்ல அந்த எதிர்ப்புச் சத்து இருக்கவே கூடாது. இவளுக்கு நெறைய இருக்கு."

"மஞ்சளா இருந்துச்சுங்களே" என்றாள் ராசாத்தாள்.

"மஞ்சளா இருந்தா அதுதாம்மா."

"அந்தப் பையனுக்குத் தெளிஞ்சாப்ல இருந்துச்சுங்க."

"அவனுக்கு இது இல்ல. வேற. அதுக்கு மருந்து போயிட்டு இருக்கு."

சென்னியப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "இவளுக்குங்க?"

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். இனி உதறல் கூடும், பேச்சு போகும், படுக்கையில் விழுவாள், விழுங்க முடியாமல் போகும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊசியைப் பற்றி அவர் அன்றும் எதுவும் சொல்லவில்லை.

வெளியே நடையில் நின்று ராசாத்தாள் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டாள். போகல. அம்மை போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். ஏன் போகவில்லை?

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்று அம்மை இறங்கியதும் லோகுவின் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாவது ஊற்றி ஆத்தாளை வழியனுப்ப வேண்டிய அன்று விடிகாலையில் பங்காளி வீட்டில் எழவு விழுந்தது. தீட்டு. தீட்டுக் கழிவதற்குள் பிள்ளை தவழ்ந்து வாசலுக்கு வந்துவிட்டாள், சிரித்தாள், காட்டில் வெங்காயம் அறுப்பு. அந்தத் தண்ணீர் ஊற்றாமலே போனது. தன் வாழ்நாளில் பாதியில் விட்ட ஒரே வேலை.

"மூணாந் தண்ணி ஊத்தலீங்க" என்றாள் சென்னியப்பனிடம்.

"என்ன?"

"அனுப்பி வெக்காத எப்பிடிப் போவா? உங்க பெரியப்பன் செத்தாரே, அன்னைக்கு. ஊத்தலாம்னு சொன்னேன். தீட்டுல ஊத்தினா ஆகாதுன்னு சொன்னது ஆருங்க? நீங்கதான சொன்னீங்க?"

"ஏ புள்ள, வாய மூடு. டாக்டரு என்ன சொல்றாரு, நீ என்ன பேசற?"

"அவரும் அதயேதான் சொல்றாரு. போகலீன்னு."

சென்னியப்பன் அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

அவள் திரும்ப டாக்டரின் அறைக்குள் போனாள். திட்டு வாங்கத் தயாராகவே போனாள். கத்தட்டும், கத்தரிக்கோலைத் தூக்கட்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று நின்றாள். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயி தலைக்குத் தண்ணி ஊத்தோணுங்க. ஒரு தண்ணி பாக்கியாயிப் போச்சு. ஊத்திப்போட்டுத் திரும்பிக் கூட்டியாந்தர்றனுங்க."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கத்தவில்லை.

"ஊத்துங்கம்மா" என்றார். "வெதுவெதுன்னு ஊத்துங்க. காத்துல நிக்க வெக்காதீங்க. ஊத்தி முடிச்சதும் நல்லாத் துவட்டிருங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவசரமாத் திரும்பி வரணும்னு இல்ல" என்றார்.

கயிற்றை வெட்டிய மனுஷன். அவர் திட்டுவார் என்று காத்திருந்த ராசாத்தாளுக்கு, அவர் திட்டப்போவதில்லை என்று தெரிந்தது. லேப்பும் தட்டும் மஞ்சளும் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகக் கேட்டது.

அவர்கள் புறப்பட்ட காலையில் பீர் முகம்மது கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். சாஜிதா வாசல் வரைக்கும் வந்தாள். அவளால் ராசாத்தாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லோகுவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அந்தக் கை உதறி அவள் கன்னத்தில் பட்டது.

"அடிக்கறாக்கா உங்க பொண்ணு" என்றாள், சிரிக்கப் பார்த்து.

"பையன நல்லாப் பாத்துக்க கண்ணு" என்றாள் ராசாத்தாள்.

நடைக் கோடி ஜன்னலில் ஜெபராணி நின்றுகொண்டிருந்தாள். ராசாத்தாள் அந்தப் பக்கம் திரும்பி, போயிட்டு வாரேன் என்பதாகத் தலையை அசைத்தாள்.

புங்கவலசில் அடுத்த செவ்வாய்க்கிழமை, ராசாத்தாள் விடிந்ததும் வாசலைச் சாணி போட்டு மெழுகினாள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பந்தழையும் அருகம்புல்லும் போட்டு, தங்கள் காட்டில் விளைந்த மஞ்சளையே அரைத்துக் கரைத்து வெயிலில் வைத்தாள். தண்ணீர் சுட்டதும் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. சென்னியப்பன் பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்தான். காற்று வருகிற பக்கம் பழைய சேலையைக் கட்டி மறைத்திருந்தாள்.

முதல் சொம்பை ஊற்றினாள். லோகு மூச்சைப் பிடித்துக் கண்ணைத் திறந்தாள். ராசாத்தாளின் கை நின்றது. கண் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கை வெட்டியது, தலை தொங்கியது, நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அதே சீர்.

"போதும் புள்ள" என்றான் சென்னியப்பன். "நடுங்கறா."

"பாதில உடக்கூடாதுங்க" என்றாள் அவள்.

அண்டா காலியாகும் வரைக்கும் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் பிள்ளையின் சடையில் இறங்கி, அப்பன் வேட்டியில் இறங்கி, மெழுகிய வாசலில் ஓடித் தென்னைப் பாத்தியில் போய் நின்றது. பிள்ளையைத் துவட்டினாள். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், ஒரு இடம் விடாமல் துவட்டினாள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வந்து, அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். சுவர் ஓரம் கவிழ்த்தாள். ஒட்டியிருந்த தழைகளைப் பொறுக்கினாள்.

பிறகு வாசலில் நின்று நாலா பக்கமும் பார்த்தாள். பாக்கி எதுவும் இல்லை.